ராயபுரத்து ஆபீசில் எல்டிஓ-7 டேப் டிரைவ்: ஒன்றரை வருஷம் ஓட்டிப் பார்த்தது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் ஆபீசுக்குள் வந்த தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான் நின்றது. ஆனால் பேக்கப் எடுத்து வைத்திருந்த நாஸ் பெட்டி, அதாவது நெட்வொர்க்கில் மாட்டுகிற ஹார்ட் டிஸ்க் பெட்டி, மேசைக்கு அடியில், தரையில் இருந்தது. சர்வர் இரும்பு ஸ்டாண்டின் மேல் இருந்ததால் பிழைத்தது. மூன்று நாள் கழித்துக் கரண்ட் வந்து சர்வரை ஆன் செய்து லாகின் ஸ்கிரீன் தெரிகிற வரைக்கும் முதலாளி என் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். அந்த நாள்தான் இந்த டேப் டிரைவை, அதாவது கேசட் மாதிரியான கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் காந்த நாடாவில் டேட்டாவை எழுதி வைக்கிற கருவியை, வாங்க வைத்தது. 2024 மார்ச்சில் மாட்டினோம், இப்போது ஒன்றரை வருஷம் ஆகிறது. வாங்கும்போது தமிழில் யாராவது இதைப் பற்றி விரிவாக எழுதியிருந்தால் எனக்கு இரண்டு மாத அலைச்சல் மிச்சமாகியிருக்கும், அதனால் எழுதுகிறேன்.

எங்களுடையது கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸ். வடசென்னை ராயபுரத்தில் தரைத்தளம், வாசலில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் நாள் முழுக்க ஊர்ந்துகொண்டே இருக்கும். இறக்குமதிக்கான பில் ஆஃப் என்ட்ரி, ஏற்றுமதிக்கான ஷிப்பிங் பில், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் என்று ஒவ்வொரு ஜாபுக்கும் இருபது முப்பது பக்கம் ஸ்கேன் செய்து வைக்கிறோம். கஸ்டம்ஸ் புரோக்கர் லைசென்ஸ் விதிகள் 2018 குறைந்தது 5 வருஷம் ஆவணங்களைப் பாதுகாக்கச் சொல்கின்றன. எங்கள் முதலாளி பத்து வருஷத்துக்கு முந்தியதையும் தூக்கிப் போட விடமாட்டார். எல்லாம் சேர்த்து 4 டெராபைட் பக்கம் இருக்கிறது.

ஹார்ட் டிஸ்கிலேயே வைத்தால் என்ன, கிளவுடில் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். கிளவுடில் தினசரிக் கணக்கு டேட்டாவை வைத்திருக்கிறோம், அது நன்றாகவே ஓடுகிறது. ஆனால் 4 டெராபைட்டையும் அங்கே வைத்து மாதாமாதம் பணம் கட்டி, ஒரு நாள் மொத்தமும் வேண்டும் என்றால் எங்கள் தெரு இன்டர்நெட்டில் இறக்கி முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கணக்குப் போட்டதும் முதலாளியே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஹார்ட் டிஸ்க் எப்போதும் வயரில் மாட்டியபடியே இருக்கிறது, அதுதான் அதில் எனக்குள்ள பயம். 2017 ஜூனில் நாட்பெட்யா வைரஸ் மெர்ஸ்க் கம்பெனியைத் தாக்கியது ஷிப்பிங் தொழிலில் இருப்பவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும், மும்பை ஜேஎன்பிடி துறைமுக டெர்மினல் வரைக்கும் அதன் அடி விழுந்தது. யார் நெட்வொர்க்குக்குள் வரலாம் என்று சரிபார்க்கிற டொமைன் கன்ட்ரோலர் சர்வர்கள், உலகம் முழுக்க அவர்களுக்கு இருந்தவை எல்லாம் அழிந்துபோய், கானா நாட்டு ஆபீசில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது. காரணம், தாக்குதல் நடந்த சமயத்தில் அங்கே கரண்ட் இல்லை. வயரில் இல்லாதது பிழைத்தது. டேப் என்பது அந்தக் கரண்ட் கட்டை நாமே வாராவாரம் உண்டாக்கிக்கொள்வதுதான். கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்துவிட்டால் எந்த வைரஸும் அதைத் தொட முடியாது. ஓரத்தில் சின்னதாக ஒரு சிவப்பு நாக்கு இருக்கிறது, அதைத் தள்ளிவிட்டால் டிரைவுக்குள் இருக்கும்போதுகூட யாரும் அதில் எழுத முடியாது.

நாங்கள் வாங்கியது எல்டிஓ-7, அரை உயர இன்டெர்னல் டிரைவ், சர்வர்களில் வருகிற எஸ்ஏஎஸ் இணைப்பு. எந்தக் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டியது என்பது இங்கே பெரிய விஷயமில்லை. எல்டிஓ என்பது ஹெச்பிஇ, ஐபிஎம், குவான்டம் மூன்றும் சேர்ந்து வைத்திருக்கும் பொதுத் தரம், ஒருவர் டிரைவில் எழுதியதை இன்னொருவர் டிரைவில் படிக்கலாம். ஒரு கார்ட்ரிட்ஜில் 6 டெராபைட் பிடிக்கும், வேகம் நொடிக்கு 300 எம்பி. அட்டையில் 15 டெராபைட் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், அதை நம்பி வாங்காதீர்கள். அது இரண்டரை மடங்கு சுருங்கும் என்று எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு. ஸ்கேன் பிடிஎஃப், போட்டோ எல்லாம் ஏற்கெனவே சுருங்கியவை, அதற்கு மேல் சுருங்காது. எங்கள் ஃபைல்கள் என்றால் ஒரு டேப்பில் 6 டெராபைட்டுக்குக் கொஞ்சம் மேலேதான் பிடிக்கும்.

விலை பற்றிச் சொல்லிவிடுகிறேன். புது டிரைவ் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. அந்த எண்ணைக் கேட்டதும் நிறையப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். ஆனால் அப்போது டேப் ஒன்று ஐயாயிரம் ஆறாயிரம் ரூபாய்க்குள்தான் இருந்தது, அதே அளவு நல்ல ஹார்ட் டிஸ்க் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வந்தது. இரண்டு மூன்று டேப் மட்டும் போதும் என்கிற ஆபீசுக்கு இது லாபமில்லை. எங்களைப் போல வாரத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று, வருஷத்துக்கு ஒன்று என்று சேர்ந்துகொண்டே போகிறவர்களுக்குத்தான் டிரைவுக்குப் போட்ட காசு மெல்ல மெல்லத் திரும்பி வரும்.

மாட்டுவதில்தான் முதல் தலைவலி. சிடி டிரைவ் போடுகிற ஐந்தேகால் இன்ச் இடம் ஒன்று கேபினெட்டில் இருக்க வேண்டும், இப்போது வருகிற கேபினெட்டுகளில் பாதிக்கு மேல் அது கிடையாது. எங்கள் டவர் சர்வர் பழையது, அதனால் இருந்தது. இரண்டாவது, கார்டு. சர்வரில் ஏற்கெனவே பல ஹார்ட் டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டுகிற ரெய்டு கார்டு இருக்கிறதே, அதிலேயே மாட்டலாம் என்று கடைக்காரர் சொன்னார், நானும் மாட்டினேன், டிரைவ் கண்ணிலேயே படவில்லை. பெரும்பாலான ரெய்டு கார்டுகள் டேப் டிரைவை ஏற்காது. தனியாக ஒரு எஸ்ஏஎஸ் ஹெச்பிஏ கார்டு வேண்டும், ரெய்டு வேலை எதுவும் செய்யாமல் வந்ததை அப்படியே அனுப்புகிற கார்டு. அதற்கு எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற ரிச்சி தெருவில் இரண்டு நாள் சுற்றினேன். கேபிளும் பார்த்து வாங்குங்கள்: டிரைவின் பின்னால் இருப்பது பார்ப்பதற்கு சாதாரண ஹார்ட் டிஸ்கின் சாட்டா இணைப்பு மாதிரியே இருக்கும், ஆனால் நடுவில் இடைவெளி இல்லாமல் அடைத்திருக்கும், சாதாரண சாட்டா கேபிள் அதில் ஏறாது. அழுத்திப் பார்க்க வேண்டாம், உடைந்துவிடும்.

அப்புறம் காற்று. டிரைவ் நன்றாகச் சூடாகும். கேபினெட்டின் முன்பக்கம் ஒரு ஃபேன் கட்டாயம் ஓட வேண்டும். எங்களுடையதில் முன் ஃபேன் எப்போதோ நின்றுபோயிருந்தது, அதை மாற்றக் கழற்றும்போது பார்த்தால் ஸ்க்ரூ தலையெல்லாம் பழுப்பாகத் துருவேறி, தகட்டு ஓரத்தில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. கடலோரக் காசிமேடு பக்கத்தில் இருந்தால் உப்புக்காற்று எதையும் விடாது. அந்த நிலையைப் பார்த்த பிறகுதான் டேப்பை இந்த ஆபீசிலேயே வைக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

சரி, மாட்டியாயிற்று. முதல் சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு முழு பேக்கப் போட்டேன். அந்தச் சத்தத்தை நான் மறக்க மாட்டேன். டேப் ஒழுங்காக ஓடினால் காற்றாடி சுற்றுவது போல ஒரே சீரான ஹம் என்கிற சத்தம் வரும். எனக்கு வந்ததோ, ர்ர்ர் என்று ஓடி, டக் என்று நின்று, பின்னால் போய், மறுபடி ர்ர்ர். ஷூ பாலிஷ் போடுகிறவர் துணியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுப்பது போல. இந்தத் துறையில் இதற்கு ஷூ ஷைனிங் என்றே பெயர். விஷயம் இதுதான்: டேப் ஒரு குறைந்தபட்ச வேகத்துக்குக் கீழே ஓட முடியாது, எல்டிஓ-7க்கு அது நொடிக்குச் சுமார் 100 எம்பி. சர்வர் அந்த வேகத்துக்குத் தீனி போடவில்லை என்றால் டேப் நின்று, கொஞ்சம் பின்னால் சுற்றி, டேட்டா சேரும் வரை காத்திருந்து, திரும்ப வேகமெடுத்து எழுதும். நேரமும் போகிறது, டேப்பும் அதில் எழுதிப் படிக்கிற ஹெட்டும் தேய்கின்றன. எங்களுக்கு 38 எம்பிதான் போய்க்கொண்டிருந்தது. ஞாயிறு ராத்திரி பதினோரு மணிக்குத்தான் முடிந்தது.

குறை டிரைவில் இல்லை. எங்களிடம் இருப்பது லட்சக்கணக்கான குட்டி குட்டி ஸ்கேன் ஃபைல்கள். சுழலுகிற ஹார்ட் டிஸ்க் ஒவ்வொன்றையும் தேடித் தேடி எடுப்பதற்குள் டேப் பட்டினி கிடக்கிறது. இதற்கு நான் செய்தது: பழைய வருஷங்களின் ஃபைல்கள் இனி மாறப்போவதில்லை, அதனால் வருஷத்துக்கு ஒன்றாக ஒரே பெரிய டார் ஃபைலாகக் கட்டி சர்வரிலேயே வைத்துவிட்டேன். நடப்பு வருஷத்தை மட்டும் வாராவாரம் ஒரு எஸ்எஸ்டியில் கட்டிக்கொள்கிறேன். நடுவில் எம்பஃபர் என்கிற இலவச புரோகிராம், மெமரியில் 90 சதவீதம் நிரம்பிய பிறகுதான் டேப்புக்குத் திறந்துவிடும், வீட்டு மாடித் தொட்டி மாதிரி. இப்போது நொடிக்கு 250 எம்பி, மொத்தமும் நாலரை மணி நேரத்தில் முடிகிறது. சத்தமும் அந்த ஒரே சீரான சத்தம்தான். இன்னொன்று, வேறு கம்ப்யூட்டரில் இருப்பதை நெட்வொர்க் வழியாக நேராக டேப்பில் எழுதலாம் என்று நினைக்காதீர்கள். சாதாரண கிகாபிட் நெட்வொர்க்கில் வருவதே நொடிக்கு 110 எம்பி பக்கம்தான், கொஞ்சம் தடுமாறினாலும் ஷூ ஷைனிங் தொடங்கிவிடும்.

லினக்ஸில் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் இரண்டு வார்த்தை, ஏனென்றால் இரண்டிலும் நான் அடிபட்டேன். ஒரே டிரைவுக்கு இரண்டு பெயர் வரும், எஸ்டி0 என்றும் என்எஸ்டி0 என்றும். முதலாவதில் எழுதி முடித்ததும் டேப் தானாகவே ஆரம்பத்துக்குச் சுற்றிக்கொள்ளும். இரண்டாவதில் எழுதி முடித்த இடத்திலேயே நிற்கும். நான் பழைய வருஷங்களை எஸ்டி0 என்று கொடுத்து எழுதிவிட்டு, நடப்பு வருஷத்தையும் அதே டேப்பில் அப்படியே எழுதினேன். அது முதலில் இருந்து எழுதி, முன்னால் எழுதிய எல்லாவற்றையும் எடுக்க முடியாமல் செய்துவிட்டது. டேப்பில் ஆரம்பத்தில் புதிதாக ஒன்று எழுதிவிட்டால் அதற்குப் பின்னால் இருப்பதை டிரைவ் தொடாது, அவ்வளவுதான். சர்வரில் அசல் இருந்ததால் மறுபடி எழுதினேன்.

இரண்டாவது, பிளாக் அளவு. டார் கட்டளை தன்னிச்சையாக 10 கேபி துண்டுகளாக எழுதும், டேப்புக்கு அது ரொம்பப் பொடி. நான் 1 எம்பி ஆக்கினேன். இரண்டு மாதம் கழித்து அதே டேப்பைச் சோதிக்க, பிளாக் அளவு சொல்லாமல் படித்தபோது மெமரி ஒதுக்க முடியவில்லை என்று ஒரு எர்ரர் வந்தது. மெமரி தாராளமாக இருக்கிறது, ஏன் இப்படி? டேப் போய்விட்டது என்று நினைத்து ஒரு மத்தியானம் முழுக்க வயிற்றைக் கலக்கியது. எழுதிய அளவைவிடச் சின்ன அளவில் படிக்க முயன்றால் அந்த எர்ரர்தான் வரும் என்று சாயங்காலம்தான் புரிந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு கார்ட்ரிட்ஜ் டப்பாவின் மேலும் தேதியோடு பிளாக் அளவையும் மார்க்கரால் எழுதிவிடுகிறேன்.

இனி டேப்பைப் பாதுகாக்கும் விஷயம், எனக்கு இதில்தான் சொல்ல நிறைய இருக்கிறது. தயாரிப்பாளர்கள் 30 வருஷம் வரை இருக்கும் என்கிறார்கள். அதற்கு நிபந்தனை உண்டு: நீண்ட காலம் வைக்க வேண்டிய டேப்புக்கு 16 முதல் 25 டிகிரி, ஈரப்பதம் 20 முதல் 50 சதவீதம். வடசென்னையில் 50 சதவீத ஈரப்பதத்தை எங்கே போய்த் தேடுவது? போன அக்டோபரில் ஒரு நாள் ஏசி அறையில் கிடந்த டேப்பை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து பைக் டேங்க் மேல் வைத்தேன். ஹெல்மெட் மாட்டித் திரும்புவதற்குள் கறுப்பு பிளாஸ்டிக் மேல் பனி பூத்திருந்தது, ஐஸ் பெட்டியில் இருந்து எடுத்த பன்னீர் சோடா பாட்டில் மேல் பூக்குமே, அப்படி. விரலால் தேய்த்தால் கோடு விழுந்தது. உள்ளே இருப்பது அரை இன்ச் அகலத்தில் 960 மீட்டர் நாடா. ஓட்டின் மேல் பூத்தது நாடாவின் மேலும் பூத்திருக்காது என்று யார் சொல்வது? அந்த டேப்பை ஒரு நாள் முழுக்க ஏசி அறையில் ஆறவிட்டு, முழுதாகப் படித்துப் பார்த்தேன். நல்ல வேளை, ஒன்றும் ஆகவில்லை.

இப்போது முறை இது. காற்றுப் புகாத மூடி போட்ட டப்பா, உள்ளே நீல நிற சிலிக்கா ஜெல் மணிகள். ஏசி அறைக்குள்ளேயே டேப்பை டப்பாவில் போட்டு மூடிவிட வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோனதும் உடனே திறக்கக் கூடாது. நீல மணி வெளிறி ரோஸ் ஆனால் வாணலியில் மெல்லிய தீயில் வறுத்தால் திரும்ப நீலமாகிவிடும், ஆனால் சமையலுக்குப் பயன்படுத்தாத வாணலியில் செய்யுங்கள். டேப்பைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள். கீழே விழுந்தால் அப்படியே டிரைவில் செருகாதீர்கள், ஓரத்துக் கதவைத் தள்ளி, நாடா நுனியில் இருக்கும் சின்ன உலோக 'பின்' (ஊசி) நேராக இருக்கிறதா என்று பாருங்கள். டிரைவ் அந்த ஊசியைப் பிடித்துத்தான் நாடாவை உள்ளே இழுக்கிறது.

வார டேப் தண்டையார்பேட்டையில் என் வீட்டு முதல் மாடியில், பீரோவுக்குள். ஆனால் ராயபுரத்தில் தண்ணீர் வந்தால் தண்டையார்பேட்டையிலும் வரும், அதனால் மாதக் கடைசி டேப்பும் வருஷ டேப்பும் வேலூரில் முதலாளியின் மகள் வீட்டுக்குப் போகின்றன. சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி என்கிரிப்ஷன் போட்டுத்தான் அனுப்புகிறோம், டிரைவுக்குள்ளேயே ஏஇஎஸ்-256 என்கிற பூட்டு முறை இருக்கிறது, வேகம் குறைவதில்லை. சாவியைத் தாளில் அச்சடித்து இரண்டு இடத்தில் வைத்திருக்கிறோம். சாவி போனால் டேப்பும் போனது மாதிரிதான், அதற்கு வேறு வழி கிடையாது.

கிளீனிங் டேப்பும் ஒன்று வாங்கி வையுங்கள். லாரித் தூசியால் எங்களுக்கு முதல் மாதத்திலேயே கிளீனிங் விளக்கு எரிந்தது. ஆனால் விளக்கு எரிந்தால் மட்டும் போடுங்கள், சும்மா சும்மா போட்டால் ஹெட் தேயும்.

வாங்கியதற்கு அர்த்தம் கிடைத்த நாள் என்று ஒன்று உண்டு. இந்த ஏப்ரலில் கணக்கு பார்க்கிற அக்கா வந்து, "தம்பி, 2018ல ஒரு பில் ஆஃப் என்ட்ரி, ஆடிட்ல கேக்குறாங்கப்பா, சர்வர்ல திறந்தா காலியா வருது" என்றார். பார்த்தால் ஃபைல் இருக்கிறது, அளவு பூஜ்யம். எப்படி ஆனது என்று இன்றுவரை தெரியவில்லை. வருஷத்து டார் கட்டும்போதே அப்படித்தான் இருந்திருக்கிறது, போன மாத டேப்பிலும் பூஜ்யம். டார் கட்டுவதற்கு முன்னால், அந்த முதல் சனிக்கிழமை 29 மணி நேரம் ஓடிய டேப்பைத்தான் வருஷ டேப்பாக எடுத்து வைத்திருந்தேன். வேலூரில் இருந்து அதை வரவழைத்து, ஒரு நாள் ஆறவிட்டுப் போட்டேன். பாதி டேப்பைக் கடந்து போக வேண்டியிருந்தது, ஒரு மணி நேரத்துக்கு மேல் அக்காவும் நானும் டீ குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தோம். ஃபைல் வந்தது. பதினெட்டுப் பக்கம், சீல் எல்லாம் தெளிவாக. முதல் டேப்பில் நல்லதாகவும் அடுத்ததில் பூஜ்யமாகவும் இருக்கிறதென்றால், நான் டார் கட்டிய அந்த ஒன்றிரண்டு மாத இடைவெளியில்தான் அது கெட்டிருக்க வேண்டும். ஒரே டேப்பைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தால் அந்த ஃபைல் எங்களிடம் இருந்திருக்காது.

வாங்கப் போகிறவர்கள் எந்தத் தலைமுறை, அதாவது எல்டிஓவுக்குப் பின்னால் என்ன எண் என்பதைப் பார்த்து வாங்குங்கள். எல்டிஓ-7 டிரைவ் 6ல் எழுதும், 5ஐப் படிக்கும். எல்டிஓ-8 வந்தபோது அது மாறியது, 7 வரைக்கும்தான், 6ஐத் தொடாது. எல்டிஓ-9 டிரைவ் 8 வரைக்கும்தான். 2025ல் வந்த எல்டிஓ-10 பழைய டேப் எதையுமே படிக்காது. ஆகவே டேப் 30 வருஷம் இருந்தாலும் அதைப் படிக்க டிரைவ் வேண்டுமே என்பதுதான் என் மனதை அரித்துக்கொண்டிருந்தது. எங்களிடம் இருப்பது ஒரே டிரைவ். அது நின்றுபோனால்?

பாரிமுனையில் எங்களுக்குப் பழக்கமான இன்னொரு ஆபீசில் எல்டிஓ-8 வைத்திருக்கிறார்கள். போன மாதம் ஒரு டேப்பை டப்பாவோடு எடுத்துக்கொண்டு, சாவித் தாளையும் எடுத்துக்கொண்டு அங்கே போனேன். அங்கே கம்ப்யூட்டர் பார்க்கிற அண்ணன் டப்பா மேல் எழுதியிருந்த பிளாக் அளவைப் பார்த்துவிட்டு, "இத எழுதி வச்சியே, நல்லதாப் போச்சு" என்றார். என் டேப் வேறு கம்பெனி டிரைவில், வேறு சர்வரில் ஏறியது. ஃபைல் பெயர்கள் ஒவ்வொன்றாக ஸ்கிரீனில் ஓடத் தொடங்கின. பத்து ஃபைலைத் திறந்து பார்த்தோம், பத்தும் திறந்தது. அவர்கள் டிரைவ் பழுதானால் எங்களிடம் வரலாம் என்று சொல்ல முடியவில்லை, எங்கள் 7, அவர்களுடைய 8ஐப் படிக்காது. ஆனால் எல்டிஓ-8 டிரைவ் 7 டேப்பிலும் எழுதும் என்பதால், முக்கியமானதை மட்டும் இரண்டு 7 டேப்பில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு ராயபுரம் வருகிறார்.